மாரியப்பன் கோ வம்சத்தின் பூர்வோத்தரம்

ஹிட்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் சர்க்கார், அந்தச் சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கரி பஸ் டிரைவர் மாரியப்பனின் பேருக்கு முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்துக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தது. அதற்காகப் பாதி ஆசியாக் கண்டத்தின் பாஷைகளைக் கரைத்துக் குடித்தார்கள். அவனை ராஜா என்றார்கள். சீனாக்காரன் என்றார்கள். பெண்பிள்ளையாகவும் இருக்கலாம் என்றார்கள். கடைசியில் அவன் ஓர் ஆளே இல்லை, ஒரு கம்பெனி என்று நோட்டீஸ் விட்டார்கள்.

இதையெல்லாம் மாரியப்பனே கூட்டேரிப்பட்டு டீக்கடையில் உட்கார்ந்து சொன்னான். உட்கார்ந்து என்றா சொன்னோம்? உட்கார்ந்தும் எழுந்தும் வாசல் வரை போய்த் திரும்பியும் சொன்னான். பஸ் ஓட்டுகிறவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டால் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். நம்பினால்தானே மேலே சொல்வான். நம்பாதவர் ஒரே ஒருவர், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற நிலக்கடலைக்குத் தரகரான பச்சைமுத்து. கெட்ட காலம், மாரியப்பன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அம்சாவைப் பெற்றவரும் அவர்தான்.

பச்சைமுத்து எதையும் நம்பாமலே பிழைத்து முன்னுக்கு வந்தவர். மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு, அடியில் கிடக்கிற மல்லாட்டையாக ஒன்றை எடுத்து, காதோரம் ஆட்டிப் பார்த்து, "சொத்தை" என்று சொல்வது அவர் தொழில். மனிதர்களையும் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார். மயிலம் முருகனே நேரில் வந்து நின்றாலும் கையிலிருக்கிற வேலாயுதத்தை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு.

"ஒரு எழுத்துக்கு ஒரு ஆபீசா டிரைவரே?" என்றார் அவர். "அப்போ என் பேருக்கு ஒரு ஜில்லாவே வேணும். குடிச்சிட்டு ஓட்டி லைசென்ச பறிகுடுத்துட்டேன்னு நேரா சொல்லிட்டுப் போயேன். தை பொறக்கறதுக்குள்ள லைசென்ஸ் கைல இருந்தா அம்சா உனக்கு. இல்லாட்டி முண்டியம்பாக்கத்துக் கரும்பு மேஸ்திரிக்கு. அவன் பேரை யாரும் விசாரிச்சிக்கினு இல்ல."

அப்போது மார்கழி. தைக்கு அதிக நாள் இல்லை.

சங்கதி ஆரம்பித்தது ஆடி மாசத்தில். மாரியப்பன் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஒரு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் போய், எல்லா முதலாளிகளையும் போல அவன் முதலாளியும் பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு அண்டாவைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓட்டச் சொன்னார். மற்ற டிரைவர்களின் வண்டிகள் விக்கிரவாண்டி மேட்டில் நின்றுபோய், பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். மாரியப்பன் வண்டியிலும் தள்ளுவார்கள். ஆனால் சந்தோஷமாகத் தள்ளுவார்கள். அப்படி ஒரு டிரைவர். அவன் ஹாரன் சத்தத்துக்குத்தான் அம்சா கூட்டேரிப்பட்டில் கூடையோடு வந்து நிற்பாள். பஸ் நிற்கிற இடத்துக்கும் அவள் நிற்கிற இடத்துக்கும் எப்போதும் ஒரு சாண்கூட வித்தியாசம் இருக்காது. யாரைப் பார்த்து யார் நின்றார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அந்த ஊரில் எந்தக் கமிட்டியும் தேவைப்படவில்லை.

லைசென்ஸைப் புதுப்பிக்க விழுப்புரம் போனான். வழக்கமாகப் போகிற ஜன்னலில், "பேர் சமாசாரம் எல்லாம் இப்போ தனி ஆபீஸ்" என்று ரயில்வே ஸ்டேஷன் பின்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு சீமையெண்ணெய்க் கிடங்கின் மாடியில் புது போர்டு தொங்கியது: யுத்தகால வம்சப்பெயர் நிர்ணய ஆபீஸ். உள்ளே இருதயராஜ் என்கிற குமாஸ்தா ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு தட்டி. தட்டிக்குப் பின்னால் ஸ்பெஷல் ஆபீசர் விருத்தாசலம்.

"குடும்பப் பேர் சொல்லுங்க" என்றார் இருதயராஜ்.

தங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது என்றும், அப்பா பேர் கோதண்டபாணி, அதனால் கோ. மாரியப்பன் என்றும் மாரியப்பன் சொன்னான். இந்த ராஜதானியில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இருதயராஜுக்கும் தெரியும். ஆனால் மேலிடத்து உத்தரவுப்படி, பேருக்கு முன்னால் எது நிற்கிறதோ அதைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்; அதுதான் வம்சப்பெயர். இருதயராஜ் ஒரு பெருமூச்சு விட்டு மாற்றி எழுதினார். மாரியப்பன் கோ.

"உங்க பேருக்குப் பின்னால எதைங்க போட்டாங்க?" என்று மாரியப்பன் கேட்டான்.

இருதயராஜ் தட்டியைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா பேரு சவுரிராயன். அதைச் சொன்னா இன்னா ஆவும்னு பயந்துகினு, 'கிளார்க்'னு போட்டுட்டேன். இருதயராஜ் கிளார்க். அய்யா பாத்துட்டு, அசல் இங்கிலீஷ் குடும்பம்னு கைகுடுத்தாரு."

அந்த நேரத்தில் மாரியப்பன் சமயோசிதமாகத் தன்னை மாரியப்பன் டிரைவர் என்று சொல்லியிருந்தால், அடுத்த பஸ்ஸிலேயே கல்யாணச் சேதியோடு ஊர் திரும்பியிருக்கலாம். மற்ற டிரைவர்கள் எல்லாம் பிற்பாடு அதைத்தான் செய்தார்கள். அவனுக்கு அது தோன்றவில்லை. ஸ்பெஷல் ஆபீசர் உள்ளே இருந்து, "மிஸ்டர் கோ" என்று கூப்பிட்டார். மாரியப்பன் யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அதையும் குறித்துக்கொண்டார்கள்: சொந்த வம்சப்பெயரைக் கேட்டதும் சந்தேகத்துக்கிடமாகத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்பெஷல் ஆபீசர் விருத்தாசலம் நல்ல மனிதர். கோபப்படுவதில்லை, அதட்டுவதில்லை, கையில் வாங்குவதில்லை. பேசுவார். கிடங்குக்குப் பக்கத்தில் ரயில் எஞ்சின் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும்; அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் போனால் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். விழுப்புரமோ ஜங்ஷன்.

"மிஸ்டர் கோ, இந்த ஜில்லாவில் மாரியப்பன் என்று கூப்பிட்டால் பாதி ஜனம் திரும்பிப் பார்க்கிறது. குண்டு விழுகிற நேரத்தில் இது எவ்வளவு அபாயம். ஆகையால் சர்க்கார் உமக்கு ஒரு வம்சம் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. அது எந்த வம்சம் என்று தெரிகிற வரையில் உமது லைசென்ஸ் இங்கே பத்திரமாக இருக்கும்."

"அப்பா பேரு கோதண்டபாணிங்க ஐயா. அதுல மொதல் எழுத்துதாங்க."

"அது நீர் சொல்வது. தன் பெயரைப் பற்றித் தானே சொல்கிறவன் சம்பந்தப்பட்ட கட்சி. சம்பந்தப்பட்டவன் வாக்கை இந்த ஆபீஸ் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. சம்பந்தமே இல்லாதவர்களைத்தான் விசாரிப்போம்."

சம்பந்தமில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதலில் வந்தவர் தமிழ்ப் பண்டிதர். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கோ என்றால் அரசன் என்றார். பசு என்றார். அம்பு, ஆகாயம், பூமி என்று இன்னும் என்னென்னவோ எடுத்து மேஜைமேல் அடுக்கினார். ஸ்பெஷல் ஆபீசர் அரசனோடு நின்றுவிட்டார். சுதேச ராஜா ஒருவர் கரி பஸ் ஓட்டுவது உடன்படிக்கைக்கு விரோதமாகுமா என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. சமஸ்தானம் எது என்று கேட்டார். மாரியப்பன் அனந்தபுரம் என்றான். விஸ்தீரணம் கேட்டார். வானம் பார்த்த பூமி ரெண்டு காணி, கேப்பை போடுவோம், மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை என்றான். "சமஸ்தானம்: புன்செய். பீரங்கி மரியாதை: நிலுவை" என்று இருதயராஜ் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுக்கிற முன்ஷி ஒருவரை வரவழைத்தார்கள். அவர் பேரைப் படித்துப் பார்த்துவிட்டு, இதில் வம்சமே இல்லையே, இந்துஸ்தானியில் கோ என்றால் 'க்கு' என்று அர்த்தம், 'மாரியப்பன் கோ' என்றால் 'மாரியப்பனுக்கு' என்றார். சொல்லிவிட்டு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு ஸ்பெஷல் ஆபீசர் வெகுநேரம் பேசவில்லை. அந்த ஆபீசில் அது அபூர்வம். பிறகு இருதயராஜிடம், மாரியப்பனுக்கு என்ன என்று கேட்டார். அதாவது, சர்க்கார் ஒரு மனிதனை எழுத்துமூலம் 'மாரியப்பனுக்கு' என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அவனுக்கு எதையோ கொடுக்கக் கடமைப்பட்டதாக ஆகிவிடாதா? எதை? அந்தப் பேரை உச்சரிக்கும்போதெல்லாம் பாக்கியை ஒப்புக்கொண்டதாக ஆகுமா? சட்ட அபிப்பிராயம் கேட்டு சென்னைக்கு எழுதினார்கள். பதில் வரும்வரை ஆபீசுக்குள் மாரியப்பனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஒரு மாசம் அவனைக் கைதட்டித்தான் கூப்பிட்டார்கள்.

மாரியப்பன் வாய்தாவுக்கு வாய்தா தன் பஸ்ஸிலேயே பிரயாணியாக வந்து போனான். அதுதான் மகா கொடுமை. புது டிரைவர் கியரைப் பிடிக்கிற பிடியில் இவனுக்குப் பல் கூசும். மேடு வருமுன்பே இவன் வலது கால் தானாகப் பலகையை அழுத்தும். பிரேக் போட வேண்டிய இடத்தில் முன் சீட்டுக்காரரின் முதுகில் முழங்கால் போய் இடிக்கும். "சும்மா குந்துய்யா, பேஜாரு பண்ணிக்கினு" என்று ஜனங்கள் திட்டினார்கள். கூட்டேரிப்பட்டில் பஸ் அம்சாவைத் தாண்டிப் புளியமரத்தடியில் போய் நிற்கும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதைப் பார்க்க அவனுக்குத் தாங்காது.

ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த ஒருவர் வந்தார். பர்மாவில் கோ என்றால் அண்ணன் மாதிரி, மரியாதைக்காகப் பேரோடு சேர்ப்பது என்றார். "அப்படியானால் தம்பி எங்கே?" என்று ஸ்பெஷல் ஆபீசர் மேஜையைத் தட்டினார். தம்பி இல்லாத அண்ணன் சட்டப்படி செல்லாது என்பது அவர் கட்சி. மாரியப்பன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. தலைமறைவாக இருக்கிற தம்பியை ஆஜர்படுத்தச் சொல்லி அனந்தபுரம் சந்தையில் தண்டோரா போட்டார்கள். இரண்டு பேர் வந்து, தாங்கள்தான் அந்தத் தம்பி என்றும், சோறு எப்போது போடுவீர்கள் என்றும் கேட்டார்கள்.

பினாங்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டித் திரும்பிய ஒரு கிழவர், சீனாக்காரர்களில் கோ என்று ஒரு குடும்பம் உண்டு, உயரம் என்று பொருள் என்றார். மாரியப்பனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். அவன் ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிகிற உயரம், அவ்வளவுதான். வம்சம் இடையில் குட்டையாகியிருக்கலாம் என்று ஸ்பெஷல் ஆபீசர் அனுமானித்தார். அதே கிழவர் போகிற போக்கில், ஜப்பானில் பெண்பிள்ளைகள் பேரின் கடைசியில் கோ வரும், குழந்தை என்று அர்த்தம் என்று சொல்லித் தொலைத்தார். ஜப்பான் என்றதும் இருதயராஜ் ஜன்னலைச் சாத்தினார். ஸ்பெஷல் ஆபீசர் மாரியப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் ஆண்பிள்ளை என்பதற்கு என்ன ருசு?"

ருசுவுக்காக மாரியப்பனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் வந்த காரியத்தைக் கேட்டார், அவன் முகத்தை ஒருதரம் பார்த்தார், 'மீசை உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் சீட்டை ஸ்பெஷல் ஆபீசர் முழுமனதாக ஏற்கவில்லை. மீசை சம்பந்தப்பட்ட கட்சியின் மேல் முளைத்ததாயிற்றே.

இங்கிலீஷ் அர்த்தத்தை ஸ்பெஷல் ஆபீசர் தாமே கண்டுபிடித்தார். ஒரு நாள் கீழே கிடங்கில் எண்ணெய் டின்களோடு தேயிலைப் பெட்டிகளும் இறங்கின. பெட்டியின் மேல் ஏதோ ஒரு துரை அண்டு கோ என்று அச்சடித்திருந்தது. படியில் நின்றபடி அதைப் படித்தவர் அப்படியே மாடிக்கு ஓடிவந்தார். அன்று மாலையே மெஸ்ஸர்ஸ் மாரியப்பன் அண்டு கோவுக்கு நோட்டீஸ் போயிற்று: கூட்டாளிகள் யார், தலைமை ஆபீஸ் எங்கே, இத்தனை காலம் ஒரு கம்பெனி தனிமனிதன் போல வேஷம் போட்டு பஸ் ஓட்டிய காரணம் என்ன? நோட்டீசைக் கொண்டுவந்த பியூன், கம்பெனி எங்கே என்று கேட்டு அனந்தபுரம் முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் கேப்பைக் கொல்லையில் நின்ற கோதண்டபாணியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அதனால் அப்பனையும் வரச் சொன்னார்கள். கோதண்டபாணி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். கோ என்பது தன் பேரின் முதல் எழுத்து என்று அவரும் சொன்னார். ஸ்பெஷல் ஆபீசர் விட்டுவிடவில்லை. தகப்பன் சொத்து மகனுக்குப் போவது சரி. ஆனால் முதல் எழுத்து மட்டும் ஏன் போயிற்று? பேரின் பாக்கி எங்கே? வேறு வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாயா? யாருக்காவது தானம் செய்தாயா?

"மீதி என்கிட்டயே இருக்குதுங்க சாமி," என்றார் கோதண்டபாணி. "நான் இன்னும் சாவலியே."

இது ஒன்றுதான் அத்தனை விசாரணையிலும் ஸ்பெஷல் ஆபீசருக்குத் திருப்தி தந்த பதில். "தண்டபாணி என்கிற பகுதி தகப்பனின் அனுபவத்தில் உள்ளது. அவர் ஆயுளுக்குப் பின் பாகப்பிரிவினை" என்று எழுதச் சொன்னார். பிறகு எழுந்து நின்று, சாட்சிக்கு நன்றி சொல்கிற சாக்கில் ஒரு பிரசங்கம் செய்தார்.

"பெரியவரே, இந்த ஆபீஸ் ஏற்பட்ட நாளிலிருந்து இன்றுவரை ஒரு கேஸ்கூட முடியவில்லை என்று சிலர் பொறாமையால் பேசுகிறார்கள். அவசரப்படாமல் வேலை செய்கிறோம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? என் சொந்த வம்சப்பெயரையே நான் இன்னும் நிர்ணயிக்கவில்லை. என் கேஸில் நானே அதிகாரி என்பதால் விலகிக்கொண்டேன். யுத்தம் முடிந்தால் இந்த ஆபீசும் முடியும். ஆகையால் நமது தரப்பு ஜெயிக்க வேண்டுமென்று தினமும் பிரார்த்திக்கிறேன்; சாவகாசமாக ஜெயிக்க வேண்டும்."

கோதண்டபாணி கும்பிட்டுவிட்டு இறங்கினார். கடைசிப் படியில் நின்று மகனிடம், "நல்ல மனுசன்டா, பாவம், வூட்ல யாரும் இல்லியா?" என்று கேட்டார்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் மாரியப்பன் டீக்கடையில் சொன்னதும், பச்சைமுத்து தைக் கெடு வைத்ததும். மறுநாள் பஸ் ஜன்னலில் அம்சா கூடையை ஏற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். அப்பா மேஸ்திரி வீட்டுக்குத் தாம்பூலத் தட்டு வாங்கி வைத்துவிட்டார் என்றும், தான் சாப்பிடாமல் படுத்துப் பார்த்தும் அவர் அதையும் நம்பவில்லை என்றும் சொன்னாள்.

"அவனுங்க எந்தப் பேரைக் குடுத்தாலும் வாங்கிக்கினு வாயேன்," என்றாள். "ராஜான்னா ராஜா, சீனாக்காரன்னா சீனாக்காரன். எனக்கு இன்னா? நான் இன்னா பேர் சொல்லியா கூப்பிடப் போறேன்?"

புருஷன் பேரைச் சொல்லாத வழக்கத்தால் இந்த உலகத்தில் யாருக்காவது லாபம் உண்டென்றால் அது அன்றைக்கு மாரியப்பனுக்குத்தான். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் லைசென்ஸ் வரவில்லையே.

அந்த வாரம் இருதயராஜ் அவனை ஸ்டேஷன் பக்கம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார். கேஸ் எப்போதோ தீர்ந்துபோன கேஸ். அய்யாவுக்கும் தெரியும். ஆனால் ஆபீசில் இருப்பதே இந்த ஒரே கேஸ்தான். மற்றவன் எல்லாம் டிரைவர், கிளார்க், குக் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கோவை முடித்தால் மறுநாள் சென்னையிலிருந்து ஆபீசை மூடு என்று தந்தி வரும். "அடுத்தது போர்த்துக்கீஸ் பாஷைன்றாரு. கோவாவுக்கு எழுதியாச்சி. நீங்க தப்பிக்கணும்னா வேற ஒரு ஆளு வந்து மாட்டணும். யாரையாச்சும் கூட்டிக்கினு வாங்களேன்."

மாரியப்பன் யோசித்தான். தன் முதலாளியைக் கூட்டிவரலாமா என்று நினைத்தான். புது டிரைவரை நினைத்தபோது மனசு ரொம்பவே ஆசைப்பட்டது. ஆனால் தெரிந்து தெரிந்து ஒரு மனிதனை அந்த மாடிக்கு அனுப்ப அவனால் முடியவில்லை. ஒரு வாரம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

மார்கழி முடிகிற சமயம், கடைசி வாய்தாவுக்கு அவன் கிளம்பி நிற்கும்போது, பச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஆபீசையே கண்ணால் பார்த்துவிட்டு, பொய்யைக் கையோடு பிடித்துக் கூட்டேரிப்பட்டு நடுத்தெருவில் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாரியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, வர்றதுன்னா வாங்க. கீழயே நில்லுங்க. மேல ஏறினாலும் வாயத் திறந்து உங்க பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன், சொன்னா குட்டு வெளிய வந்துருமா?"

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"மாட்டிக்கினவன் எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவான்" என்று பச்சைமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தார்கள். போர்டைப் பார்த்ததும் பச்சைமுத்து அதைத் தட்டிப் பார்த்தார். பலகைதான். படியேறினார். உள்ளே மேஜையும் தட்டியும் ஆபீசரும் எல்லாம் அசலாக இருந்தன. ஸ்பெஷல் ஆபீசர் மாரியப்பனை நிற்கவைத்து, கோவாவிலிருந்து பதில் வரப் பங்குனி ஆகும் என்றும், அதற்குள் கிரீக்கையும் லத்தீனையும் பார்த்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சின் கத்தியது. நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கோ என்பது கிரீக்கில், என்று சொல்லும்போது பச்சைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு சொத்தையான மூட்டையைப் பார்த்ததில்லை.

"இன்னாய்யா இது, நெசமாவே இதுக்குத்தான் குந்திக்கினு கீறீங்களா? அவன் அப்பன் பேரு கோதண்டபாணி. அதுல மொத எழுத்து கோ. எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவனக் கேட்டாலும் சொல்லுவான்."

"நீர் யார்?" என்றார் ஸ்பெஷல் ஆபீசர்.

"பொண்ணப் பெத்தவன்."

மாரியப்பன் கையைக் காட்டினான், கண்ணைக் காட்டினான், இருமினான். பச்சைமுத்து அவனைப் பார்க்கவே இல்லை.

"பெயர்?"

"பூ. பச்சைமுத்து," என்றார் அவர் நெஞ்சை நிமிர்த்தி. இருபது வருஷமாகச் சாக்கு மூட்டைகளின் மேல் தார் வைத்து எழுதுகிற பேர். "எங்கப்பா பூமாலை."

"தகப்பனைப் பற்றி நீர் சொல்வதை விடும். சர்க்கார் கொடுத்த காகிதம் ஏதாவது உண்டா?"

ஏன் இல்லை என்று பச்சைமுத்து மடியிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற பர்மிட்டை எடுத்து மேஜைமேல் அடித்து வைத்தார். ஸ்பெஷல் ஆபீசர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் முகம் மலர்ந்த அழகை இருதயராஜ் பிற்பாடு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவன் முகம் அப்படித்தான் இருக்குமாம்.

"பச்சைமுத்து பூ," என்று அவர் மெதுவாக, ருசித்துச் சொன்னார். "மிஸ்டர் கிளார்க், புதுக் கட்டு ஒன்று போடும். தமிழில் மலர். எந்த மலர் என்று பார்க்க வேண்டும். இங்கிலீஷில் பூ என்றால் இளப்பமாகத் தள்ளிவிடுகிற சொல். இந்த மனிதர் சர்க்கார் ஆபீசில் நின்று சர்க்காரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே சொன்னாரா, வம்சத்தின் காரணமாகச் சொன்னாரா என்று தீர விசாரிக்க வேண்டும். மிஸ்டர் பூ, உட்காரும்."

ஆபீசில் சாட்சிக்கு இருந்தது ஒரே நாற்காலி. அதனால் ஒரு சமயத்தில் ஒரு வம்சம் என்பது விதி. ஸ்பெஷல் ஆபீசர் மாரியப்பன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கோ என்பது தகப்பன் பேரின் முதல் எழுத்து என்பதைத் தவிர வேறெதுவும் ருசுவாகாதபடியால், சந்தேகத்தின் பலனை அளித்து, மேற்படியானை வம்சமில்லாதவன் என்று விடுதலை செய்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நடுவில் எஞ்சின் கத்தியது; அன்று மட்டும் அவர் நிறுத்தவில்லை. இருதயராஜ் முத்திரையைக் குத்தி லைசென்ஸை மாரியப்பன் கையில் திணித்து, ஓடு என்று கண்ணாலேயே சொன்னார்.

மாரியப்பன் ஓடவில்லை. படியில் உட்கார்ந்து காத்திருந்தான். உள்ளே மல்லிகையா கனகாம்பரமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மல்லாட்டைச் செடியும் பூ பூக்குமே, ஆகவே தொழிலும் வம்சமும் ஒன்றுக்கொன்று உடந்தையா என்று கேட்டார்கள். முதலில் பச்சைமுத்துவின் குரல் உரக்கக் கேட்டது. பிறகு சாதாரணமாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவர் இறங்கி வந்தபோது கையில் பர்மிட் இல்லை. வாய்தாச் சீட்டு இருந்தது. மாரியப்பன் அவரைக் கைத்தாங்கலாக ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனான்.

புது டிரைவரிடம் லைசென்ஸைக் காட்டினான். அவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதில் பிரயாணிகளுக்குத்தான் அதிக சந்தோஷம். பச்சைமுத்து டிரைவர் சீட்டுக்கு நேர்ப் பின்னால் உட்கார்ந்தார். முண்டியம்பாக்கத்தில் கரும்பு மேஸ்திரி சாலையோரம் நின்று கும்பிட்டதை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். விக்கிரவாண்டி மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளியபோது தாமும் இறங்கித் தள்ளினார். கூட்டேரிப்பட்டில் பஸ் போய் நின்ற இடத்துக்கு நேராக அம்சா நின்றாள்.

டீக்கடையே வெளியில் வந்து காத்திருந்தது. பச்சைமுத்து இறங்கியதும் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். இன்னா அண்ணே, பொய்யப் புடிச்சிக்கினு வந்தீங்களா, ஆபீசே இல்லியாமே, எங்க கொட்டப் போறீங்க என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ நீட்டிய மல்லாட்டையை வாங்கி, காதோரம் கொண்டுபோகாமல் அப்படியே உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். முகூர்த்தத்தைத் தை மொதல் வாரத்திலேயே வைக்கணும், அப்புறம் எனக்கு வாய்தா இருக்குது என்றார். கூட்டத்துக்கு அது போதவில்லை. நடந்தது நெசமா இல்லியா, அதைச் சொல்லுங்க என்று விடாமல் பிடித்தார்கள்.

பஸ்ஸின் அண்டாவில் கரியைக் கிளறிக்கொண்டிருந்த மாரியப்பனைப் பச்சைமுத்து ஒருதரம் பார்த்தார்.

"நடந்துதுப்பா," என்றார். "மாப்ள கொறைச்சித்தான் சொல்லிக்கீறாரு."